பிளாக் தண்டரா, அதிசயமா?

போன மே மாசம் ஒரு வாரம் லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தேன். ஊருன்னா பாச்சலூர். ஒட்டன்சத்திரத்துல இருந்து வடகாடு வழியா மலையேறினா வரும். காபி, மிளகு, மலைவாழை, சௌசௌ, அப்பப்போ யானை. ஆபீஸ்ல யாராவது கேட்டா 'கொடைக்கானல் பக்கம்'னு சொல்லி முடிச்சுடுவேன். உண்மையில எங்க வீட்டுல இருந்து கொடைக்கானல் போய்ச் சேர்றதுக்குள்ள இடுப்பு கழண்டுடும்.

அக்காவும் ரெண்டு பசங்களும் வந்திருந்தாங்க. வந்த ரெண்டாவது நாளே பெரியவன் ஆரம்பிச்சான். "மாமா, தண்ணி பார்க் கூட்டிட்டுப் போ." மே மாசத்துலயும் ராத்திரி கம்பளி போத்திக்கிற ஊர்ல உக்காந்துக்கிட்டு கேக்குற கேள்வியைப் பாருங்க :-)

கைக்கெட்டுற மாதிரி ரெண்டு இடம் இருந்துச்சு. ஒண்ணு மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர். இன்னொண்ணு மதுரைக்கு முன்னாடி பரவையில இருக்குற அதிசயம். நான் யோசிக்கவே இல்ல. "பிளாக் தண்டர்தான்"னு சொல்லிட்டேன்.

பொட்டி தட்டுறவனாச்சே, காரணம் சொல்லத் தெரியாதா? நீலகிரி அடிவாரம், பெரிய இடம், அலைக்குளம் இருக்கு. அலைக்குளம் எப்படி வேலை செய்யுதுன்னு பசங்களுக்கு ஒரு கிளாஸே எடுத்தேன். இந்த மாதிரி குளத்துல பெரும்பாலும் ஒரு பக்கச் சுவருக்குப் பின்னாடி அறை இருக்கும், பெரிய விசிறி அதுக்குள்ள காத்தைத் தள்ளும், காத்து தண்ணியை அழுத்தும், விட்டு விட்டு அழுத்துனா அது அலையா வெளிய வரும். சின்னவ கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "அங்க ஐஸ்கிரீம் இருக்கா?"

அப்பா காபிக் கொட்டையைக் காய வச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தார். "மேட்டுப்பாளையம் எவ்வளவு நேரம் தம்பி?"

"மலை இறங்கி, தாராபுரம், கோயம்புத்தூர்... அஞ்சு மணி நேரம் ஆகும்பா."

"போக அஞ்சு, வர அஞ்சு. இருட்டுல மேல ஏறக்கூடாதுடா. போன வாரந்தான் வடகாட்டுக்கு மேல ரோட்டுல ரெண்டு யானை நின்னுச்சு."

"அப்ப ஒரு நாள் ரூம் போட்டுத் தங்கிக்கலாம்."

அம்மா உள்ள இருந்தே சொன்னாங்க. "மாட்டுக்கு யாரு சாமி தண்ணி காட்டுறது?"

அதோட அம்மாவுக்கு வளைவுல வயித்தைப் பொரட்டும். ஒட்டன்சத்திரம் போறதுக்கே எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டுத்தான் வருவாங்க. எல்லாமே நியாயமான காரணம். எனக்குத்தான் சுள்ளுனு ஏறிடுச்சு.

"அன்னிக்கும் இப்படித்தான் ஏதாவது ஒண்ணு சொன்னீங்க."

அந்த 'அன்னிக்கு' எதுன்னு வீட்ல எல்லாருக்கும் தெரியும். ஒன்பதாங்கிளாஸ் படிக்கும்போது ஸ்கூல்ல பிளாக் தண்டர் டூர் போனாங்க. 350 ரூபா. அந்த வருஷம் மிளகு காய்க்கல. 'பஸ் சரியில்லையாம், போக வேண்டாம்'னு அப்பா சொன்னார். நானும் நம்பின மாதிரி இருந்துட்டேன். திரும்பி வந்தவனுங்க ஒரு மாசத்துக்கு அதையே பேசுனானுங்க.

அப்பா ஒண்ணும் சொல்லல. கொட்டையை ரெண்டு தடவை கிளறிவிட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டார். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தா பாருங்க... அதை இங்க எழுத முடியாது.

ராத்திரி தூக்கம் வரல. பசங்களுக்காகத்தான் கேக்குறேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். ஆனா அவங்களுக்கு எந்த பார்க்கா இருந்தாலும் ஒண்ணுதான். பிளாக் தண்டர் போகணும்னு நின்னது அந்த ஒன்பதாங்கிளாஸ் பய. அவனுக்காக அம்மாவைப் பத்து மணி நேரம் வண்டியில உக்கார வைக்கணுமா?

காலையில அப்பா காபியைக் கையில கொடுத்துட்டு, "மேட்டுப்பாளையமே போலாம் தம்பி. மாட்டுக்கு ஆள் சொல்லிட்டேன்"னார்.

"வேண்டாம்பா. மதுரைக்கு வண்டி சொல்லிட்டேன்."

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் காபியையே பார்த்துக்கிட்டு இருந்தோம்.

அஞ்சரை மணிக்கு பொலீரோ கிளம்புச்சு. பரப்பலாறு அணைப் பக்கம் அம்மாவுக்காக ஒரு தடவை நிறுத்தினோம். திண்டுக்கல் தாண்டினதும் நாலுவழிச் சாலை, அம்மா தூங்கியே போயிட்டாங்க. பரவைக்கு முன்னாடியே ஒரு மரத்தடியில புளிசாதத்தை முடிச்சாச்சு.

உள்ள போனதும் பசங்களைப் பிடிக்க முடியல. அப்பா மட்டும் வேட்டியோட ஓரமா நின்னார். சறுக்குல ஏறணும்னா நைலான் துணிதான் போடணும், பருத்தி தண்ணியை உறிஞ்சி கனமாயிடும், நூல் பிரிஞ்சு வடிகட்டியை அடைக்கும்னு நான் விளக்க, "எனக்கு எதுக்குடா அதெல்லாம்"னுட்டார். கடைசியில சின்னவதான் இழுத்துட்டு வந்தா. வாடகை டிரவுசர் ஒண்ணை மாட்டிக்கிட்டு குழந்தைங்க குளத்துல முழங்கால் தண்ணியில நின்னார். மலையில சுனைத் தண்ணி குடிச்சே வளர்ந்தவர், ஒரு நாளும் நீச்சல் அடிச்சதில்ல. மேல இருந்து தண்ணி கொட்டுனதும் பேத்தி கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, பல்லு தெரியச் சிரிச்சார். அந்தச் சிரிப்பை நான் அதிகம் பார்த்ததில்ல.

மூணு மணிக்குக் கிளம்பியாச்சு. பசங்க அழுதாங்கதான், ஆனா யானைக்கு அது புரியாதே! வழியில எல்லாரும் தூங்கிட்டாங்க. அப்பா மெதுவாக் கேட்டார். "அது இதைவிட பெருசாடா?"

"தெரியலப்பா. நான் போனதில்லையே."

"அடுத்த வருஷம் போவோம். மிளகு நல்லாத்தான் காய்ச்சிருக்கு."

டிக்கெட், வண்டி எல்லாம் நான்தான் கொடுக்கப் போறேன்னு அவருக்கும் தெரியும். ஆனா "சரிப்பா"ன்னு மட்டும் சொன்னேன். வடகாடு தாண்டும்போது மணி அஞ்சே முக்கால். வெளிச்சம் இருந்துச்சு.

டிஸ்கி: இதே கேள்வியோட இருக்குறவங்களுக்கு - முதல்ல வண்டியில வர்ற வயசானவங்களைக் கேளுங்க, அப்புறமா பசங்களை. உங்களைக் கடைசியாக் கேட்டுக்கலாம்.