ஒடித்துத் தராத கணு

மேட்டூர்ப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். மூடநம்பிக்கை கூடாது என்று வகுப்புக்கு வகுப்பு முழங்கியவன். அப்படிப்பட்ட நான், மணி பிளான்ட்டை ஒடித்துக் கொடுத்தால் வீட்டு லட்சுமி போய்விடுவாள் என்று பயந்தேன். அந்தப் பயம் இன்னும் முழுசாக விட்டபாடில்லை.

என் வீட்டுக் கொடியே திருட்டுக் கொடிதான். திருடி வைத்தால்தான் காசு சேருமாமே! ஏதோ ஒரு அலுவலக வராந்தாவில் ஆளில்லாத நேரம் பார்த்துக் கிள்ளிச் சட்டைப் பைக்குள் போட்டு வந்தேன். பாட்டில் தண்ணீரில் வேர்விட்டு, ஜன்னல் கம்பி முழுக்கச் சுற்றிக்கொண்டது.

பக்கத்து வீட்டு மருமகள், "ஒரே ஒரு கணு ஒடிச்சுக் குடுங்க சார்" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை என்று தட்டிக்கழித்தேன். மறுபடி கேட்டபோது பாடமே எடுத்துவிட்டேன்: இலைக்குள் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இருக்கின்றன, குழந்தை கடித்தால் வாய் எரிந்து வீங்கும், சேம்பும் கருணையும் நாக்கை அரிப்பது இதனால்தான், எல்லாம் ஒரே குடும்பம். சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அதே கொடி என் பேத்தியின் கைக்கெட்டும் உயரத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அறியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. இந்தக் கொடிக்குச் சொந்த ஊர் பசிபிக் கடலில் உள்ள மூரியா தீவு. வளர்ப்பில் இது தானாகப் பூத்ததாகக் கடைசிப் பதிவு 1964இல். பூக்கத் தேவையான ஜிப்ரலின் ஹார்மோனை இதனால் உண்டாக்க முடிவதில்லை என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. பூ இல்லையென்றால் விதை ஏது? யாரோ ஒடித்துத் தர, யாரோ வாங்கி ஊன்ற, கைமாறிக் கைமாறித்தான் மேட்டூர்வரை வந்திருக்கிறது. ஒடித்த கணுவுக்குக் கீழே மறுபடி துளிர்க்கும். கொடுப்பவருக்கு நஷ்டமும் இல்லை. அணை 120 அடியைத் தொட்டால் பதினாறு கண் மதகைத் திறந்துவிடும் ஊரில் இருந்துகொண்டு, எனக்கு ஒரு கணு கொடுக்க மனம் வரவில்லை. லட்சுமி மேல் பழிபோட்டேன். உள்ளே இருந்தது கஞ்சத்தனம்.

ஒருநாள் காலையில் கொடியின் நுனியைக் காணோம். "எவ வேலை இது?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். பக்கத்து வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது.

அவர்தான் கிள்ளினாரா என்று எனக்குத் தெரியாது. கிள்ளியிருந்தாலும் நான் செய்ததைத்தான் செய்திருக்கிறார். அவராவது முதலில் கேட்டுப் பார்த்தார்.