நார்னியா எழுதிய வாத்தியார்

சி.எஸ். லூயிஸ் என்றதும் நார்னியாதான் ஞாபகம் வரும். மனுஷன் ஆக்ஸ்ஃபோர்டில் இலக்கியம் நடத்திய வாத்தியார், தீவிரக் கிறிஸ்தவர். 1939 அக்டோபரில், போர் தொடங்கிய சில வாரங்களில், அங்கே ஒரு தேவாலயத்தில் மாணவர்களிடம் பேசினார். ஊரே பற்றி எரியும்போது படிப்பு எதற்கு என்பதுதான் கேள்வி. நல்ல காலம் வரட்டும் என்று காத்திருந்தால் யாருமே படித்திருக்க முடியாது, படிப்பையும் கடவுளுக்கென்று செய்யலாம் என்றார். 1918-ல் போர்முனையில் காயம்பட்டவர் சொன்னதால் நம்புகிறேன்.

அப்பாவுக்கு வேலை போய் இரண்டு மாசம். காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தைத் திறந்தாலே குறுகுறுப்பு, ஏதாவது கடையில் கணக்கு எழுதப் போகலாமே என்று. எனக்கு பக்தி கம்மிதான். ஆனாலும் இந்தப் பேச்சு பிடித்துக்கொண்டது.

1961-ல் எழுதிய புத்தகத்தில், எதை வாசிக்கிறோம் என்பதைவிட எப்படி வாசிக்கிறோம் என்று பாருங்கள் என்கிறார். (இதைச் சொல்லி அம்மாவிடமிருந்து என் பாக்கெட் நாவல்களைக் காப்பாற்றப் பார்த்தேன். ம்ஹூம்.) செமஸ்டருக்கு இன்னும் 19 நாள்.