பொதுக்குளமும் பொதுவழங்கியும்

வன்னிப் பெருநிலப்பரப்பின் வாழ்வு குளங்களை ஆதாரமாகக் கொண்டது. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட இரணைமடுக்குளத்தின் நீர் ஒருவனுடைய வயலுக்கு மட்டும் உரியதன்று. வாய்க்காலின் தலைப்பில் உள்ளவனுக்கும் அதன் கடைசியில் உள்ளவனுக்கும் அது பொது. ஒரு பொருளைப் பலர் கூடி நுகரும்போது எழும் பூசல்கள் எவை, அவற்றைத் தீர்க்கும் வழி யாது என்பனவற்றை இம்மண்ணின் கமக்காரர் தலைமுறை தலைமுறையாகக் கற்று வந்துள்ளனர். அக்குளத்து வாய்க்கால் ஒன்றின் அருகே வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அதே பாடத்தைத் தமது முதுமையில், முற்றிலும் வேறானதொரு துறையிலே கற்க நேர்ந்தது.

2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் அவர் கற்பித்த பாடசாலை தனது பதிவேடுகளையும் சுவரிலே தொங்கிய நிழற்படங்களையும் இழந்தது. செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமிலிருந்து அவர் ஊர் திரும்பியபோது கூரையற்ற கட்டடமே எஞ்சியிருந்தது. ரொறன்ரோவிலும் பாரிசிலும் வாழும் பழைய மாணவர்கள் தம்மிடம் தப்பியிருந்த வகுப்புப் படங்களைப் பிரதி எடுத்து அனுப்பினர். அவற்றைத் தொகுத்து வைப்பதற்காக 2014இல் ஓர் இணையத்தளம் உருவாயிற்று. படங்களை ஏற்றுவது எளிது. அவற்றின் கீழே நிற்போர், இருப்போர் என இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுவதே பெரும்பணி. பெயர் தெரியாத முகம் எதிர்ப்பட்டால், ஊரிலுள்ள மூத்தவர்களைத் துவிச்சக்கரவண்டியிலே தேடிச் சென்று கேட்டறிவார். அப்பெயர்களுக்குரியோரில் இன்று உயிருடன் இல்லாதோர் பலர். ஆகவே, பிறருக்குப் பொழுதுபோக்காகத் தோன்றிய அம்முயற்சி அவருக்கு ஒரு கடனாகவே இருந்தது.

இத்தளம் அமைந்திருந்த இடம் பொதுவழங்கி எனப்படுவது. எங்கோ ஒரு நாட்டில் ஒரு நிறுவனம் நடத்தும் கணினி ஒன்றில் நூற்றுக்கணக்கான தளங்கள் ஒருங்கே குடியிருக்கும். அதன் செயலியும் நினைவகமும் வட்டும் எல்லாருக்கும் பொது. பெரும்பாலும் இணைய முகவரி எண்ணும் பொது. வருகின்ற வேண்டுகோள் எந்தத் தளத்துக்கு உரியது என்பதை அதனுடன் வரும் பெயரைக் கொண்டே வழங்கி அறியும். 1997இல் வெளியான எச்.ரி.ரி.பி. 1.1 வரைமுறை அப்பெயரைக் கட்டாயமாக்கியது. மாதம் சில டொலருக்கு இடம் கிடைப்பது இப்பகிர்வினாலேயே. ஆயினும் அயல்தளம் ஒன்றில் திடீரெனக் கூட்டம் பெருகினால் ஏனையவை மந்தமாகும். அயலவன் ஒருவன் குப்பை மின்னஞ்சல்களைப் பரப்பினால் அந்த எண்ணே கறுப்புப் பட்டியலில் ஏறி, குற்றமற்றோரின் கடிதங்களும் சேரவேண்டிய இடத்தைச் சேரா. யார் தமது அயலவர் என்பதோ எவருக்கும் தெரியாது.

2022 மார்ச் மாத இறுதியில் அத்தளம் மறைந்தது. நாடெங்கும் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவிய நாள்கள் அவை. எனவே பிழை தமது வீட்டு இணைப்பிலேயே எனக் கருதி ஆசிரியர் இரண்டு நாள் பொறுத்திருந்தார். ரொறன்ரோவிலிருந்து கட்டணம் செலுத்திவந்த மருமகன், அங்கும் வெற்றுப்பக்கமே தெரிகின்றது என்றான். அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்திலே பயிலும் மாணவன் ஒருவனும் வெவ்வேறு இணைப்புகளிற் சோதித்துப் பார்த்து, "சேர், பிழை உங்கட பக்கத்திலை இல்லை" என்று உறுதி கூறினான்.

அதன் பின்னரே முறைப்பாட்டுப் படலம் தொடங்கிற்று. நிறுவனத்தின் உதவிப் பிரிவு ஓர் எண்ணை வழங்கியது. உலாவியின் தற்காலிக நினைவகத்தைத் துடைக்குமாறு முதல் மறுமொழி பணித்தது. இரண்டாவது, இணைப்பைச் சரிபார்க்கச் சொன்னது. மூன்றாவது மறுமொழியை எழுதியவர் வேறொருவர். முன்னர் எழுதப்பட்டவற்றை அவர் படித்ததாகத் தெரியவில்லை. மீண்டும் உலாவியைத் துடைக்கச் சொன்னார். ஒவ்வொரு மடலும் நன்றி கூறித் தொடங்கி வருத்தம் தெரிவித்து முடிந்தது. மின்சாரம் வரும் வேளை பார்த்து, அகராதியின் துணையுடன் ஆங்கிலத்திலே எழுதிய அவருக்கு, தாம் கேட்ட கேள்வியையே எவரும் கேட்கவில்லை என்ற எண்ணம் வேதனை தந்தது.

ஆறாம் நாள் தளம் மீண்டது. அதே வழங்கியிலிருந்த வேறொரு தளத்தின் மீது தாக்குதல் நிகழ்ந்தமையால் யாவும் வேறு கணினிக்கு மாற்றப்பட்டன என்றும், கிடைத்த காப்புப்பிரதி ஒன்பது வாரம் பழையது என்றும் அறிவிக்கப்பட்டது. படங்களின் மூலங்கள் அவரிடம் இருந்தன. ஆனால் அந்த ஒன்பது வாரத்திற் கேட்டறிந்த பெயர்களை அவர் நேரடியாகத் தளத்திலேயே பதித்திருந்தார். அவற்றுட் பலவற்றைச் சொன்ன மூதாட்டி அவ்வாண்டு பெப்ரவரியிற் காலமாகியிருந்தார்.

உடன்படிக்கையை அவர் அன்றுதான் முழுமையாக வாசித்தார். தளம் 99.9 வீதம் இயங்கும் என்பது வாக்குறுதி. ஆண்டின் 8,760 மணித்தியாலத்திற் குறைவு ஏறத்தாழ 9 மணித்தியாலத்தைத் தாண்டலாகாது என்பதே அதன் பொருள். தாண்டினால் ஈடு யாது? சில நாட் கட்டணம் அடுத்த கணக்கிற் கழிக்கப்படும். காப்புப்பிரதி பேணுவதோ வாடிக்கையாளர் பொறுப்பு. வரையறையற்ற இடம் என்ற விளம்பரத்தின் கீழே, கோப்புகளின் எண்ணிக்கைக்கு வரையறை உண்டு எனச் சிறிய எழுத்தில் இருந்தது.

அந்நாள்களிலேயே அயலிலுள்ள கமக்காரர் ஒருவர், சிறுபோகச் செய்கைக் கூட்டம் முடிந்து வரும் வழியில் இக்கதையைக் கேட்டுவிட்டு வினவினார்: "மாஸ்ரர், எங்கட வாய்க்காலுக்குத் தண்ணி வராட்டில் கூட்டத்திலை எழும்பிக் கேப்பம். உங்கட குளத்துக்குக் கூட்டம் வைக்கிறேல்லையோ?"

எளிய மனிதரின் வினாவாயினும் நோயின் வேரைத் தொட்ட வினா அது. குளத்திலே நீர்மட்டம் எத்தனை அடி என்பது யாவரும் அறிய இருக்கும். இருக்கும் நீருக்கு ஏற்ப எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதை அதிகாரிகளும் கமக்காரர் அமைப்புகளும் கூடி முடிவு செய்வர். அங்கும் பிணக்குகள் இல்லாமல் இல்லை. 2018 டிசெம்பர் வெள்ளத்தின்போது இரணைமடுவின் வான்கதவுகள் உரிய வேளையில் திறக்கப்பட்டனவா என்ற கேள்வி எழுந்தது. ஆயினும் அது பொதுவிலே எழுந்தது. கேட்பதற்கு இடமும் ஆளும் இருந்தனர். பொதுவழங்கியின் உரிமையாளரோ, எல்லா வயல்களும் ஒரே நாளில் நீர் கேளா என்னும் நம்பிக்கையில், உள்ள நீருக்கு மிஞ்சிய ஏக்கர்களுக்கு வாக்களிப்பதுண்டு. நீர்மட்டம் எவருக்கும் காட்டப்படுவதில்லை. பகிர்வு குற்றமன்று, பகிர்வோர் ஒருவரையொருவர் அறியாதிருப்பதும், கேள்வி கேட்கும் இடம் இல்லாதிருப்பதுமே குற்றம்.

மறுபக்கத்தையும் நோக்குதல் நீதியாகும். உதவிப் பிரிவிலே மறுமொழி எழுதுபவர் பெரும்பாலும் வழங்கியைத் தொடும் அதிகாரம் அற்றவர். அவருக்கு முன்னே நூறு முறைப்பாடுகளும், அவற்றுக்கென முன்னரே எழுதிவைத்த விடைகளும் உள்ளன. மாதம் சில டொலருக்கு ஒரு பொறியியலாளரின் முழுக் கவனத்தை எதிர்பார்ப்பதும் பொருந்தாது. அச்சில டொலரும் எளிதாயிருக்கவில்லை என்பது வேறு கதை; 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது.

பெரியோரும் இவ்விடரினின்று தப்பவில்லை. 2021 மார்ச் 10ஆந் திகதி பிரான்சின் ஸ்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு நிலையம் ஒன்று தீயில் அழிந்தபோது, மூலத்தையும் காப்புப்பிரதியையும் ஒரே வளாகத்தில் வைத்திருந்தோர் இரண்டையும் இழந்தனர். 2023இல் இலங்கை அரசாங்கத்தின் மேகக்கணிமை நிலையம் கப்பம் கோரும் தீநிரலாற் பாதிக்கப்பட்டபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீட்கமுடியாது போயின. அக்காலத்துக்குரிய காப்புப்பிரதி இருக்கவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகள் அழிந்ததை அறிந்த சமூகத்துக்கு இவ்வுண்மை புதியதன்று.

ஆசிரியர் வேறு வழியின்றி இன்றும் பொதுவழங்கியிலேயே இருக்கின்றார். ஆயின் அவருடைய பழக்கம் மாறிவிட்டது. பெயரைக் கேட்டதும் முதலிற் கொப்பியிலே எழுதுகின்றார். பின்னரே தளத்தில் ஏற்றுகின்றார். ஒவ்வொரு பூரணை விடுமுறையன்றும் தளத்தின் முழுப்பிரதியை இறக்கி, ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை ரொறன்ரோவிலும் வைக்கின்றார். அப்பிரதியிலிருந்து தளத்தை மீட்டெடுக்க முடிகின்றதா என்பதை அறிவியல் நகர் மாணவன் இடையிடையே சோதித்துக் கொடுக்கின்றான். குளம் நிறைந்த ஆண்டிலும் விதைநெல்லைத் தனியே எடுத்துவைத்து, விதைப்புக்கு முன்னர் ஒரு பிடியை நனைத்து முளை பார்ப்பது கமக்காரர் வழக்கம். பிறர் காவலில் உள்ள எப்பொருளுக்கும் அவ்வழக்கமே பொருந்தும்.

இழந்த பெயர்களுள் அநேகமானவற்றை அவர் மீண்டும் தேடிக்கொண்டார். பதினொரு முகங்களின் கீழ் மட்டும் இடம் வெறுமையாக உள்ளது. அவற்றை அறிந்தோர் எவரேனும் எங்கேனும் இருக்கலாம் என்ற நம்பிக்கையில், அவ்வெற்றிடங்களை அவர் அழிக்காமல் வைத்திருக்கின்றார்.