அல்டூனா என்னும் இரயில் நகர்

நமது இல்லத்துக் கூடத்தில், காலஞ்சென்ற தந்தையார் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டிய படம் ஒன்று உண்டு. ஏதோ ஓர் ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து வெட்டியெடுத்தது. மலைகளுக்கு நடுவே இருப்புப்பாதை குதிரை லாடம் போல் வளைந்து கிடக்கும். நீண்டதொரு சரக்கு வண்டி தன் வாலைத் தானே பார்த்தவண்ணம் ஏறிக்கொண்டிருக்கும். பட்டறையில் ஃபிட்டராக இருந்த தந்தையார் அது எந்த ஊர் என்று நமக்குச் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை. அவர் பணியிலிருக்கும்போதே காலமானார். பத்தாம் வகுப்புத் தேறியிருந்த நாம் கருணை அடிப்படையில் வேலையில் அமர்ந்து, பின்னர் எழுத்தரானோம். குவார்ட்டர்ஸ் மாறும்போதெல்லாம் படமும் நம்முடன் வந்தது.

சென்ற மாதம், ஏழாம் வகுப்பில் பயிலும் நம் மகளுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்தார்கள். அயல்நாட்டுச் சிறு நகரம் ஒன்றின் நில அமைப்பையும் ஜனத்தொகையையும் எழுதி, ஜனத்தொகைக்கு வரைபடமும் வரைந்துவர வேண்டுமாம். "அப்பா, தாத்தா படத்திலுள்ள ஊரையே எழுதினால் என்ன?" என்றாள். சட்டத்தைக் கழற்றித் துடைத்துப் பார்த்தோம். அடியில் மங்கிய எழுத்தில் 'ஹார்ஸ்ஷூ கர்வ், அல்டூனா' என்று அச்சிட்டிருந்தது. நாள்தோறும் கண்ட படத்தில் இவ்வெழுத்தை இத்தனை ஆண்டுகளாகப் படிக்காதிருந்தோமே என்று சற்று வெட்கமாகவே இருந்தது.

அதன்பின் மகளைவிட நமக்கே ஆவல் மிகுந்துவிட்டது. அலுவலகம் முடிந்து வந்ததும் நாலைந்து இரவுகள் அவ்வூரைப்பற்றிப் படிப்பதிலேயே கழிந்தன. படித்தவற்றில் ஒரு பகுதியை வாசக அன்பர்களுக்கும் கூற விழைகிறோம். நம்மில் பலரும் இரயிலை நம்பி ஊர்விட்டு வந்தவர்கள் அல்லவா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் மாநகருக்குக் கிழக்கே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,170 அடி உயரத்தில் அமைந்தது அல்டூனா. ஊருக்கு மேற்கே அலிகேனி மலையின் முகப்பு ஒரு மதில்போல் எழுந்து நிற்கிறது. மழைநீரும் அம்மலையுச்சியில்தான் வழி பிரிகிறது. கிழக்குச் சரிவில் விழும் துளி சஸ்குவஹானா ஆற்றோடு கூடிச் செசபீக் விரிகுடாவை அடைகிறது. மேற்குச் சரிவில் விழுவதோ ஒஹையோ, மிசிசிப்பி ஆகிய ஆறுகளின் வழியே மெக்சிகோ வளைகுடாவுக்குச் செல்கிறது.

இந்த மதில் இல்லையேல் இந்த ஊரும் இல்லை. கீழ்க்கரைத் துறைமுகங்களிலிருந்து மேற்கே சரக்கு கொண்டுபோக அம்மலை பெருந்தடையாயிருந்தது. 1834 முதல் அதைக் கடந்த விதம் விந்தையானது. 36 மைல் தூரத்தில் பத்துச் சாய்தளங்கள் அமைத்து, வடம் பூட்டி, நீராவி எந்திரத்தால் வண்டிகளை இழுத்தார்கள். கால்வாயில் வந்த படகுகளைக்கூடப் பகுதி பகுதியாகக் கழற்றி அவ்வாறே மலையேற்றினார்கள்! 1849-இல் பென்சில்வேனியா இரயில்ரோடு கம்பெனி, ஒரு குடியானவரின் நிலத்தை வாங்கி மலையடிவாரத்தில் பட்டறை போட்டது. அப்பட்டறையைச் சுற்றி எழுந்ததே அல்டூனா.

நேராக ஏறினால் எஞ்சின் இழுக்காது. ஆகவே தலைமைப் பொறியாளர் ஜே. எட்கர் தாம்சன், பாதையைப் பள்ளத்தாக்கின் ஒரு பக்கமாகவே கொண்டுபோய், அதன் தலைப்பில் திருப்பி, மறுபக்கமாக ஏற்றினார். அதுவே நம் வீட்டுப் படத்திலுள்ள வளைவு. அயர்லாந்திலிருந்து வந்த கூலியாட்கள் கடப்பாறையும் மண்வெட்டியும் கொண்டு வெட்டிய அவ்வளைவு, 1854 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஏற்றம் சுமார் 55-க்கு 1. கனத்த சரக்கு வண்டிகளுக்கு இன்றும் துணை எஞ்சின்கள் வேண்டும். நம் ஊர்க்காரர்கள் பேங்கர் என்று சொல்கிறோமே, அதுதான். 1942-இல் ஜெர்மனி அனுப்பிய நாசவேலைக்காரர்கள் தகர்க்கத் திட்டமிட்ட இடங்களில் இவ்வளைவும் ஒன்று என்றால், அதன் முக்கியத்துவம் விளங்கும்.

இனி ஜனத்தொகை. 1870-இல் 10,610 பேர். 1900-இல் 38,973. ஐரிஷ்காரர், ஜெர்மானியர், பின்னர் இத்தாலியர் என்று கடல் கடந்து வந்தவர்கள் பட்டறைச் சங்கின் ஒலிக்கு எழுந்து, அதன் ஒலிக்கே உறங்கினார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நீராவி எஞ்சின்கள் அங்கே உருவாயின. 1930-இல் ஜனத்தொகை 82,054-ஐத் தொட்டது.

அவ்வளவுதான், பிறகு இறக்கம். நிலக்கரியும் நீரும் வேண்டாத டீசல் எஞ்சின் வந்தது. பத்துப் பேர் பார்த்த பழுதை இருவர் பார்த்தார்கள். லாரிகள் சரக்கைக் கவர்ந்தன. 1968-இல் கம்பெனி தன் போட்டிக் கம்பெனியுடன் இணைந்தது. 1970-இல் இணைந்த கம்பெனி திவாலாயிற்று. 1960-இல் 69,407, 1990-இல் 51,881, 2020-இல் 43,963 என்று எண் இறங்கியது. 2011-இல் ஒரு திரைப்படத்தின் விளம்பரத்துக்காக அவ்வூர் தன் பெயரையே 60 நாட்களுக்கு 25,000 டாலருக்கு விற்றது என்ற செய்தியை மகள் சிரித்துக்கொண்டு படித்தாள். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதை மறைப்பானேன்? நாம் வாழும் குடியிருப்பில் இரண்டு வரிசை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. தந்தையார் காலத்தில் அங்கே மாலை வேளைகளில் தமிழ் கேட்கும். இன்று ஆலங்கன்று முளைத்திருக்கிறது. நம் பிரிவில் ஓய்வு பெறுவோர் இடத்துக்கு ஆள் வருவதில்லை. இவ்வூரில் சிறு மனை வாங்கலாமா, அன்றி மன்னார்குடிப் பக்கம் திரும்பிவிடுவதா என்று இரண்டாண்டுகளாக நாமும் மனைவியும் பேசிக்கொண்டேயிருக்கிறோம். அங்கே நமக்கு ஒரு சித்தப்பாவும் பாதிச் சுவரும் மட்டுமே மிச்சம். ஆயினும் 'ஊர்' என்று வாய் சொல்லும்போது மனம் அங்கேதான் போகிறது.

மகள் சிவப்பு மையால் வரைபடத்தை முடித்து நீட்டினாள். 1930 வரை ஏணிபோல் ஏறி, பின் சறுக்குமரம்போல் இறங்கியது கோடு. "முப்பத்தெட்டாயிரம் பேர் எங்கே அப்பா போனார்கள்?" என்றாள். பிழைப்புத் தேடிப் பல ஊர்களுக்குப் போனார்கள், பிள்ளைகள் பிறப்பதும் குறைந்தது என்றோம்.

முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த நம் அன்னையார் தலைநிமிராமலே கேட்டார்: "போனவர்கள் இருக்கட்டும். இருக்கிற நாற்பத்து நாலாயிரம் பேர் என்ன செய்கிறார்களாம்?"

அதை நாம் தேடவேயில்லை! அன்றிரவே தேடினோம். ஜூனியாட்டாப் பட்டறையில் இன்றும் எஞ்சின்கள் பழுது பார்க்கப்படுகின்றன. 1939-இல் தொடங்கிய கல்லூரி, பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிளையாக வளர்ந்துள்ளது. பெரிய மருத்துவமனை பலருக்கு வேலை தருகிறது. 1952-இல் தோன்றிய ஷீட்ஸ் என்னும் கடைத்தொடருக்கு அதுவே தலைமையிடம். 1882-இல் கட்டிய பட்டறைக் கட்டடம் ஒன்று இரயில் தொழிலாளரின் அருங்காட்சியகமாகியிருக்கிறது. வளைவின் நடுவிலுள்ள நீர்த்தேக்கங்களிலிருந்து அவ்வூருக்குக் குடிநீர் வருகிறது.

இவற்றையெல்லாம் அன்னையாருக்குப் படித்துக்காட்டினோம். "குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா? சரி" என்றார். சற்றுப் பொறுத்து, "உன் அப்பா இந்த மண்ணில்தான் வெந்தார். நான் மன்னார்குடிக்கு வரவில்லை, நீங்கள் போவதானால் போங்கள்" என்றார். இரண்டாண்டுகளில் அவர் வாய்திறந்து சொன்னது அன்றுதான்.

மகளுக்கு இருபதுக்குப் பதினெட்டு மதிப்பெண் கிடைத்தது. வரைபடத்தில் அளவு குறிக்காததற்கு இரண்டு குறைத்துவிட்டார்களாம். அடுத்த ஞாயிறன்று, மேம்பாலத்துக்கு அப்பால் மனையொன்று பார்க்கப் போகிறோம். கிணறு இருக்கிறதா என்று பார்க்க அன்னையாரும் உடன் வருகிறார்.