கரை காணாத ஒரு நாள்

பயணம் என்றால் பார்ப்பதற்கு இடங்கள் வேண்டும் என்பது நம்மில் பலருடைய எண்ணம். மலையோ மாளிகையோ கண்ணில் படாமல், நாலாபுறமும் நீர் மட்டுமே சூழ்ந்திருக்கும் ஒரு நாளைப் பயணக் கணக்கில் சேர்க்கவே மனம் தயங்கும். ஆனால், உலகின் தென்கோடியிலுள்ள அண்டார்டிகாவை நோக்கிச் செல்லும் சிறு சுற்றுலாக் கப்பல்களில், அத்தகைய வெறும் நாளே மற்ற நாட்களுக்கெல்லாம் வாசலாக அமைகின்றது.

இக்கப்பல்களுள் பெரும்பாலானவை அர்ஜென்டினாவின் உஷுவாயா துறைமுகத்திலிருந்து, அங்குக் கோடைக்காலமான நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில் புறப்படுகின்றன. மாலையில் துறையை விட்டு அகன்று, பீகிள் கால்வாயின் அமைதியான நீரில் சில மணி நேரம் சென்று, இரவில் திறந்த கடலை அடைகின்றன. விடியும்போது பயணி காண்பது டிரேக் நீரிணை. தென் அமெரிக்காவின் ஹார்ன் முனைக்கும் தெற்கு ஷெட்லாந்துத் தீவுகளுக்கும் இடையே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் அகலமுடையது அது. அதனைக் கடக்க ஒன்றரை முதல் இரண்டு நாட்கள் ஆகும். அந்தத் தென்கடலில் உலகைச் சுற்றி வீசும் காற்றைத் தடுத்து நிறுத்த நிலமே இல்லை. ஆதலால் சீற்றமான நாளில் அலைகள் கப்பலைத் தொட்டிலாக ஆட்டும். அமைதியான நாளிலோ கடல் ஏரியைப் போல் கிடக்கும். எது வாய்க்கும் என்பதை எவரும் முன்கூட்டி விலைபேசி வாங்க முடியாது.

அன்று பயணிக்குக் கட்டாயமான வேலை அதிகமில்லை. நடக்கும்போது ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்க வேண்டும். தலை சுற்றினால் படுத்துக்கொள்ள வேண்டும். குமட்டலுக்கு இஞ்சி மிட்டாய் கிடைக்கும். உணவு, உறக்கம், நூலகம், கண்ணாடிச் சாளரம் - இவ்வளவே அன்றைய உலகம். ஓய்வு என்பது சோம்பல் அன்று. நமக்குள் ஓடிக்கொண்டிருக்கும் அவசரம் நிற்பதே ஓய்வு. அது நின்ற பிறகுதான் கண் மெய்யாகப் பார்க்கத் தொடங்குகின்றது.

சிறகசைக்காத பறவை

அவ்வாறு பார்ப்பவருக்கு முதலில் தென்படுவது கப்பலின் பின்னே வரும் அல்பட்ரோஸ் பறவையாகும். அவற்றுள் பெரிய இனமான அலையும் அல்பட்ரோஸின் விரித்த சிறகுகள் முனைக்கு முனை 3.5 மீட்டர் வரை நீள்பவை. மணிக்கணக்கில் அது நம்மைத் தொடர்ந்து வரும், சிறகடிப்பதோ அபூர்வம். கடல் மட்டத்தில் காற்றின் வேகம் குறைவு. மேலே செல்லச் செல்ல அதிகம். அந்த வேறுபாட்டைப் பயன்படுத்தி, காற்றை எதிர்த்து மேலேறியும் காற்றோடு கீழிறங்கியும் அது தன் பயண ஆற்றலைப் பெறுகின்றது. விரித்த சிறகு மடங்காமல் தாங்குவதற்குத் தோளில் ஒரு தசைநாண் பூட்டுப்போல் அமைந்துள்ளது.

இத்துணை வல்லமை படைத்த பறவை இரண்டாண்டுக்கு ஒருமுறை ஒரே ஒரு முட்டையே இடும். நெடுந்தூண்டில் மீன்பிடியில் கடலில் விடப்படும் இரையை விழுங்கி, முள்ளில் சிக்கி மூழ்கிப்போன பறவைகள் ஏராளம். இழந்ததை ஈடுசெய்ய இவ்வினத்துக்கு நெடுங்காலம் தேவை. கடல்நாளின் அமைதியில் அதன் அழகை ரசிப்பவர் இந்த உண்மையையும் அறிந்தாக வேண்டும்.

விருந்தாளியின் அதபு

அறிவிப்பதற்கென்றே கப்பலில் அறிஞர்கள் உடன் வருகின்றனர். பறவை, பனிப்பாறை, திமிங்கிலம், பழைய ஆய்வுப் பயணங்கள் எனச் சொற்பொழிவுகள் நடைபெறும். லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் என்பவர் 1966இல் சுற்றுலாப் பயணிகளை அண்டார்டிகாவுக்கு அழைத்துச் சென்றார். இத்தகைய பயணத்துக்கென்றே கட்டப்பட்ட அவருடைய கப்பல் 1969இல் கடலிறங்கியது. பின்னர் 'எக்ஸ்புளோரர்' என்று பெயர் பெற்ற அதே கப்பல் 2007 நவம்பரில் பனிக்கட்டியில் மோதி மூழ்கியது. அதிலிருந்த 154 பேரும் உயிர் தப்பினர்.

சொற்பொழிவைவிட முக்கியமான ஒரு வேலையும் அன்றுதான் நடைபெறுகின்றது. கரையில் அணியப்போகும் மேலங்கி, பை, காலணி அனைத்தையும் பயணிகள் எடுத்து வருவர். சட்டைப்பையின் மூலையிலும் காலணியின் அடிப்பள்ளங்களிலும் ஒட்டியிருக்கும் விதை, மண், புல் ஆகியவற்றைத் தூசுறிஞ்சியும் தூரிகையும் கொண்டு அகற்றுவர். வீண் வேலையாகத் தோன்றலாம். ஆனால், நம் காலடியில் சாதாரணமாக முளைக்கும் ஒருவகைப் புல், மனிதரோடு சென்று கிங் ஜார்ஜ் தீவில் வேரூன்றியது. அதனைக் களைய ஆய்வாளர்கள் பெரும்பாடு பட வேண்டியதாயிற்று.

கரையிறங்குவோருக்கான விதிகளும் அன்றே சொல்லித்தரப்படும். ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் இறங்கலாகாது. பென்குயின்களிடமிருந்து குறைந்தது 5 மீட்டர் விலகி நிற்க வேண்டும். அவற்றின் பாதையை மறிக்கக் கூடாது. 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியா தீவையும், 2024 பிப்ரவரியில் அண்டார்டிகப் பெருநிலத்தையும் பறவைக் காய்ச்சல் எட்டியது உறுதியானது. இந்நோயின் அச்சத்தால், தரையில் அமர்வதும் மண்டியிடுவதும்கூட விலக்கப்பட்டன.

பிறர் வீட்டுக்குச் செல்லுமுன் நம் பிள்ளைகளுக்கு அதபு சொல்லிக்கொடுக்கின்றோம் அல்லவா? மனிதக் குடிகளே இல்லாத வீட்டுக்குச் செல்வோருக்கு அது இன்னும் அவசியம். தவறு கண்டால் கடிந்துகொள்ள அங்கு வீட்டுக்காரர் இல்லை.

நீரின் எல்லை

தெற்கே செல்லச் செல்ல ஓரிடத்தில் கடல்நீரின் வெப்பம் சில பாகைகள் திடீரெனக் குறையும். மூடுபனி சூழ்வதும் உண்டு. அண்டார்டிகாவின் குளிர்நீர், வடக்கேயுள்ள சற்று வெதுவெதுப்பான நீரைச் சந்தித்து அதனடியில் அமிழும் எல்லை அது. அதற்கு அப்பால் கிரில் எனும் உயிரினம் பெருங்கூட்டமாக வாழ்கின்றது. நம் சந்தையில் விற்கும் கூனியைப் போன்ற தோற்றம். நீளம் சுமார் 6 சென்டிமீட்டர். பென்குயினும் சீலும் மாபெரும் திமிங்கிலமும் இதனையே நம்பி உயிர் வாழ்கின்றன. பின்னர் ஏதோ ஒரு வேளையில், வெண்ணிறப் புள்ளியாக முதல் பனிமலை தொடுவானில் தோன்றும்.

2023-24 பருவத்தில் மட்டும் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அண்டார்டிகாவுக்குச் சென்றனர். எவ்வளவு கவனமாகச் சென்றாலும் கப்பல் எரிபொருளை எரிக்கவே செய்கின்றது. புகைக்கரியும் பனியில் படியவே செய்கின்றது. காணச் செல்வோரே காட்சிக்குக் கேடாகலாம் என்பது மறுக்க இயலாத உண்மை. ஆகவே, போகலாமா கூடாதா என்ற வினாவுக்கு முன், எப்படிப்பட்டவராகப் போகின்றோம் என்ற வினா நிற்கின்றது. கரை காணாத அந்த ஒரு நாள், அதற்கு விடை தேடக் கிடைத்த அவகாசம். அதனை உறங்கிக் கழித்தவர் கரையில் இறங்கும்போது வெறும் பார்வையாளர். விழித்துக் கழித்தவரோ, அந்நிலம் ஓர் அமானிதம் என அறிந்து அடியெடுத்து வைப்பார்.