முதல் மிதி

(இரண்டாம் ஆண்டு, ஆட்டோமொபைல்)

அப்பா வாடகை டிசையர் ஓட்டுகிறார். வண்டி முதலாளியுடையது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஆள் ஏற்றி இறக்குவதுதான் பிழைப்பு. அவர் படிப்பு அஞ்சாவதோடு நின்றது; எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். போன செமஸ்டர் லீவில், "மலை இறங்கும்போது பிரேக்குல கிறீச்சுனு சத்தம் வருதுடா, நீதான் படிக்கிறியே, பாரு" என்றார். நண்பர்களே, வைவாவில்கூட எனக்கு அப்படி வேர்த்ததில்லை.

பக்கத்து ஒர்க்‌ஷாப் அண்ணன் கூடவே நின்றார். வீலைக் கழற்றினால், பேடு தேய்ந்து வெறும் தகடு டிஸ்க்கில் உரசிக்கொண்டிருக்கிறது. "பேடு மட்டும் மாத்து, டிஸ்க்கை அப்புறம் பாத்துக்கலாம்" என்பது முதலாளி உத்தரவு. வெர்னியர் வைத்தேன், தடிமன் சரியாகத்தான் காட்டியது. அப்போதுதான் மெட்ராலஜி லேப் ஞாபகம் வந்தது. டிஸ்க்கின் ஓரம் தேயாமல் மேடாக நிற்கும். வெர்னியரின் தாடை அந்த மேட்டில் உட்கார்ந்துகொண்டு பொய் சொல்லும். மைக்ரோமீட்டரை உள்ளே தள்ளிப் பிடித்தேன். டிஸ்க்கில் பொறித்திருந்த குறைந்தபட்ச அளவுக்கும் கீழே!

அப்பாவே போய் முதலாளியிடம் பேசினார். முதலாளி முன்னால் உட்காரக்கூட மாட்டார் அவர். என்ன சொன்னாரோ, இரண்டு பக்கத்துக்கும் புது டிஸ்க் வந்துவிட்டது.

காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டினேன். பழைய டிஸ்க் துருவில் ஒட்டிக்கொண்டு வரவில்லை; அதிலுள்ள இரண்டு ஓட்டையிலும் 8 எம்எம் போல்ட்டை முடுக்க முடுக்கத் தானே கழன்றது. புதுசின் எண்ணெய்ப் பூச்சைத் துடைத்து மாட்டி, பிஸ்டனை சி-கிளாம்ப்பால் உள்ளே தள்ளி, பேடு போட்டு முடித்தேன். பெருமை தாங்கவில்லை. "எடுங்கப்பா" என்றேன்.

வண்டி சரிவில் நகர்ந்தது. அப்பா மிதித்தார். பெடல் தரை வரைக்கும் போய்விட்டது! ஹேண்ட் பிரேக்கை இழுத்ததால் பூவரச மரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பிஸ்டனை உள்ளே தள்ளிவிட்டால், பெடலைப் பலமுறை மிதித்த பிறகுதான் பேடு டிஸ்க்கைத் தொடும். எனக்குத் தெரியாததா? நோட்டில் சிவப்பு மையால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

அண்ணன் திட்டித் தீர்த்தார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. உட்கார்ந்தபடியே நாலைந்து தரம் மிதித்தார். "ம், கெட்டியாயிருச்சு" என்றார்.

மறுநாள் விடிகாலை அவருக்குக் கொடைக்கானல் சவாரி. அவர் குளித்துவிட்டு வருவதற்குள் நான் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, பிரேக்கை மூன்று தரம் மிதித்துப் பார்த்துவிட்டு வந்தேன்.