ஊரியும் மட்டியும்: எண்ணறிவின் தொடக்கம் பற்றிச் சில சிந்தனைகள்

சிறுவர்க்கு எண்ணறிவு ஊட்டுதல் என்றவுடன் ஒன்று, இரண்டு எனச் சொல்லிக் கொடுத்தலே நம்மிற் பலரின் நினைவுக்கு வருகின்றது. சென்ற விடுமுறை வரை யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

வடமராட்சிக் கரையோரக் கிராமமொன்றில் என் சின்னம்மா முன்பள்ளியொன்றை நடத்தி வருகின்றார். விடுமுறையில் மூன்று வாரங்கள் அவருக்கு உதவியாக இருந்தேன். இருபது வரை தடையின்றி ஒப்புவித்த பிள்ளைகளிடம் ஏழு புளியங்கொட்டைகளைக் கொடுத்து எண்ணச் சொன்னேன். ஒருவன் ஒரே கொட்டையை இருமுறை தொட்டான். இன்னொருத்தி இரண்டைத் தொடாமலே தாண்டிச் சென்றாள். வாய் எண்ணியதேயன்றிக் கை எண்ணவில்லை. ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்ற பொருத்தமும், இறுதியிற் சொன்ன எண்ணே முழுத் தொகையையும் குறிக்கும் என்ற உணர்வும் ஒப்புவித்தலால் வருவன அல்ல என்பதை அன்றுதான் கண்டேன்.

எண்ணுவதற்கு முன் எவற்றைச் சேர்த்து எண்ணுவது என்று தெரிதல் வேண்டும். 'ஐந்து மாங்காய்' என்று கூறுவதற்கு மாங்காயை மற்றவற்றினின்றும் பிரித்தறிதல் இன்றியமையாதது. சுவிற்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே, அலினா செமின்ஸ்காவுடன் இணைந்து 1941 இல் வெளியிட்ட நூலில், வகைப்படுத்தலும் வரிசைப்படுத்தலும் ஒன்றிணைவதாலேயே எண் என்னும் கருத்து உருவாகின்றது என விளக்கினார். அந்நூலைப் படித்திராத சின்னம்மாவும் தம் அனுபவத்தால் வகைப்படுத்தலிலிருந்தே தொடங்குகின்றார்.

ஒருநாள் கடற்கரையிற் பொறுக்கிய ஊரி, சோகி, மட்டிச் சிப்பி முதலியவற்றைக் கலந்து குவித்து, "ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக வையுங்கள்" என்றேன். பெரியன, சிறியன என்றோ, வெள்ளை, மண்ணிறம் என்றோ பிரிப்பார்கள் என்பது என் எதிர்பார்ப்பு. மீனவர் வீட்டுச் சிறுவன் ஒருவன் மட்டும் பெரியதும் சிறியதும், வெள்ளையும் மண்ணிறமும் கலந்த இரு குவியல்களை வைத்தான். பிழை என்று கூறிக் கலைத்தேன். மறுநாளும் அவ்வாறே வைத்தான். முதலாந் தரத்திற் சேரும்போது பாடசாலைக்குக் கொடுக்கப்படும் குறிப்புப் புத்தகத்தில் அவன் பெயருக்கெதிரே 'மந்தம்' என எழுதினேன். அதை எழுத ஒரு கணமே பிடித்தது.

சின்னம்மா அதனைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, ஏனெண்டு அவனிட்டைக் கேட்டனியோ?" என்றார். கேட்கவில்லை. கேட்டபோது அவன் ஒரு குவியலைக் காட்டி, "இதுகளுக்குச் சோடி இருக்கு அக்கா. மற்றப் பாதி கடலுக்கை கிடக்கு" என்றான். மற்றக் குவியலைக் காட்டி, "இதுகள் ஒத்தைதான்" என்றான்.

ஈரோடு உடையவற்றை ஒரு புறமும் ஓரோடு உடையவற்றை மறுபுறமுமாக அவன் பிரித்திருந்தான். விலங்கியலாரும் அவற்றை இரு வேறு வகுப்புகளாகவே கொள்வர். தொல்காப்பிய மரபியலோ நந்தையும் முரளையும் ஈரறிவுயிராக ஒருங்கே வைக்கின்றது. நந்து என்பதனுள் சங்கு, நத்தை முதலியவற்றையும், முரள் என்பதனுள் இப்பி முதலியவற்றையும் உரையாசிரியர் அடக்குவர். அறிவின் எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்டால் அவை ஒரே குவியல். ஓட்டின் எண்ணிக்கையைக் கொண்டால் இரு குவியல்கள். யானோ நிறத்தையும் பருமனையுமன்றி வேறோர் அளவுகோலை நினைத்தும் பார்க்கவில்லை. பிள்ளையின் பிழையான விடைக்குச் சிந்தனைக் குறைவன்றி, வினாவை அது வேறுவிதமாக விளங்கிக்கொள்வதும் காரணமாகலாம் என மார்கிரெட் டொனால்ட்சன் 1978 இல் எழுதியதன் பொருள் அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது.

அதன்பின் எம் முறையை மாற்றினோம். பிரித்து முடித்த பிள்ளை ஒவ்வொன்றிடமும் காரணம் கேட்டோம். அதே குவியலை வேறொரு விதமாகப் பிரிக்கச் சொன்னோம். பின்னர் இரு குவியல்களையும் எதிரெதிர் வரிசைகளாக ஒன்றுக்கொன்று அடுக்கச் செய்தோம். அச்சிறுவன் அடுக்கி முடித்து, "மட்டியிலை நாலு மிச்சம்" என்றான். கழித்தல் என்ற சொல்லை அவன் அறியான்.

இவ்விடத்து என்னைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, "இந்தப் பிள்ளைக்குக் கணக்கு ஓடாது" என்று ஓர் ஆசிரியர் என் தாயாரிடம் கூறினார். எவ்வாறு கணக்கிட்டேன் என்று அவர் கேட்கவில்லை, யானும் சொல்லவில்லை. கலைப்பீடத்துக்கு வந்தமை குறித்து எனக்கு வருத்தமில்லை. ஆயினும் ஒரு பெட்டிச் சில்லறையை எண்ணும்போதுகூட அக்குரல் இன்றும் கேட்கின்றது. அதே குரலை இன்னொருவனின் பெயருக்கெதிரே யானே எழுதியிருந்தேன்.

அச்சொல்லை மையால் அடித்தேன். அடித்த பின்னும் அது வாசிக்கக்கூடியதாக இருந்தது. ஆதலால் அந்தத் தாளைக் கிழித்தெடுத்து, எல்லாப் பிள்ளைகளின் குறிப்புகளையும் புதிதாக எழுதினேன். அவன் பெயருக்கெதிரே இவ்வாறு எழுதினேன்: 'சிப்பிகளைச் சோடி உள்ளன, இல்லாதன எனப் பிரிக்கின்றான். காரணம் கேட்டாற் சொல்வான்.'